என் டட்சன் 240 இசட்டும் ஒன்ராறியோ உப்பும்

டட்சன் 240 இசட் என்ற பழைய ஜப்பானிய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டு ஓடுகிறவர்கள் முதலில் கேட்பது, "எஞ்சின் ஸ்டார்ட் ஆகிறதா?" என்பதுதான். எஞ்சினைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். அந்தக் காரில் இருக்கும் எல்24 எஞ்சின் லேசில் சாகாது, செத்தாலும் எழுப்பிவிடலாம். போகும்போது ஒரு சின்னக் காந்தமும் நல்ல கைவிளக்கும் எடுத்துக்கொண்டு போங்கள். பற்றரிக்குக் கீழே, கால் வைக்கும் தளத்தின் அடியில், கதவுக்கும் பின்சில்லுக்கும் இடையே இருக்கும் அந்தச் சின்னத் துண்டில், பின்கதவு வந்து உட்காரும் கீழ்விளிம்பில் காந்தம் ஒட்டுகிறதா என்று பாருங்கள். ஒட்டவில்லை என்றால் அந்த இடத்தில் இரும்பு இல்லை. புட்டி அப்பி, வர்ணம் பூசி, உங்களுக்காக வைத்திருக்கிறார்கள்.

என்னுடையது 1972ஆம் ஆண்டு வண்டி. கனடாவின் ஒன்ராறியோவில், ஈரி ஏரிக்கு வடக்கே ஒரு பண்ணைக் கொட்டகையில், வைக்கோல் கட்டுகளுக்கு நடுவே, நான்கு ரயர்களிலும் காற்று இறங்கி நின்றது. மேலே யாரோ பிற்காலத்தில் அடித்த கருநீலம். உதிரிச் சில்லு வைக்கும் குழியின் மூலையிலும் டாஷ்போர்டுக்கு அடியிலும் மட்டும் பழைய செம்மஞ்சள் தெரிந்தது. டட்சன் 918 என்று எண் கொடுத்திருந்த நிறம் அது. எஞ்சின் அறைக்குள் பொருத்தியிருக்கும் சிறு தகட்டில் இருந்த எண்ணையும், எஞ்சின் கட்டையில் அடித்திருந்த எண்ணையும் கைவிளக்கைப் பிடித்து ஒப்பிட்டேன். இரண்டும் ஒன்றுதான். ஐம்பது ஆண்டுகளில் பலர் கைமாறிய வண்டியில், தொழிற்சாலையில் வைத்த அதே எஞ்சின். காந்தம் பல இடங்களில் ஒட்டாமல் விழுந்தது. அதைக் காட்டி விலையைக் குறைத்தேன். வாங்குவது என்பது அந்த எண்களைப் பார்த்த நிமிடமே முடிவாகிவிட்டது.

இவ்வளவு பாடுபட்டு இதைக் காப்பாற்றுவதற்கு இந்தக் காரில் என்ன இருக்கிறது என்று வீட்டில் கேட்டார்கள். நியாயமான கேள்வி. ஜப்பானில் 1969 ஒக்டோபரில் ஃபேர்லேடி இசட் என்ற பெயரில் வெளிவந்த கார் இது. அமெரிக்காவில் 240 இசட் என்று விற்றார்கள். ஆரம்ப விலை 3,526 டாலர். அந்த விலைக்கு 2,393 சிசி கொள்ளளவில் வரிசையாக ஆறு சிலிண்டர், சிலிண்டர்களுக்கு மேலே வால்வுகளைத் திறக்கும் கேம் தண்டு, நான்கு சில்லுக்கும் தனித்தனி சஸ்பென்ஷன், முன்னால் டிஸ்க் பிரேக். மொத்த எடையோ ஏறக்குறைய 1,050 கிலோதான். இதே வகைக் காரை ஐரோப்பாவிலிருந்து வாங்க அந்தக் காலத்தில் பெரும்பாலும் இதைவிட நிறையக் கொடுக்க வேண்டியிருந்தது. பணக்காரர்களின் விளையாட்டுப் பொருளாக இருந்த ஒன்றை ஆசிரியரும் தாதியும் வாங்கக்கூடிய பொருளாக ஆக்கிய கார் என்பதுதான் எனக்குப் பெரிது.

டட்சன் கார்களைச் செய்த நிசான் நிறுவனத்தின் அமெரிக்கக் கிளைக்குத் தலைவராக இருந்த யுடாகா கட்டயாமாவுக்கு இந்தக் காரில் பெரிய பங்கு உண்டு. எப்படிப்பட்ட கார் அமெரிக்கச் சாலைக்கு வேண்டும் என்று தலைமையகத்தை விடாமல் நச்சரித்தவர் அவர். ஃபேர்லேடி என்ற பெயரோடு வந்து இறங்கிய கார்களைப் பார்த்ததும் இந்தப் பெயரில் இங்கே விற்க முடியாது என்று சொல்லி, அந்தப் பெயர்ச் சின்னங்களைக் கழற்றச் செய்து 240 இசட் என்று பொருத்தினார். 1909இல் பிறந்து, 105 வயது வரை வாழ்ந்து, 2015இல் காலமானார். இந்தக் காரை வைத்திருந்தவர்கள் எங்கே கூடினாலும், அவருடைய கடைசிக்காலம் வரை அவரைத் தங்கள் தந்தையைப்போலக் கொண்டாடினார்கள். ஜப்பானிலோ 2,000 சிசிக்கு மேல் போனால் வரி ஏறிவிடும் என்பதால் அங்கே முதலில் இரண்டு லீற்றர் எஞ்சினோடுதான் விற்றார்கள்.

கிழக்கு ஆப்பிரிக்க சஃபாரி ராலியை 1971இலும் 1973இலும் வென்றது 240 இசட். முதல் தடவை ஓட்டியவர் எட்கர் ஹெர்மன். இரண்டாவது தடவை ஷேகர் மேத்தா. உகாண்டாவின் கம்பாலாவில் பிறந்த இந்திய வம்சாவளியினர். அந்தப் போட்டியில் மற்றொரு டட்சனில் வந்த ஹாரி ஷெல்ஸ்ட்ரோமும் அவரும் சமமாக முடித்து, பிறகு விதிப்படி மேத்தாவுக்கு வெற்றி கிடைத்தது. பின்னர் மேலும் நான்கு முறை அதே ராலியை வென்றார். ஆயிரக்கணக்கான கிலோமீற்றர் சேற்றிலும் புழுதியிலும் அடிவாங்கித் தாங்கிய உடற்கூடு, இங்கே குளிர்காலத்தில் சாலையில் கொட்டும் உப்புக்குத் தாங்கவில்லை என்பதை நினைத்தால் மனம் பொறுக்கவில்லை.

இந்தக் காருக்குத் தனியாக அடிச்சட்டம் (சேசி) கிடையாது. தகடுகளை மடித்து, பெட்டிபோல ஒட்டி, அந்தப் பெட்டிகளே எலும்பாக நிற்கின்றன. தகடோ ஒரு மில்லிமீற்றருக்கும் குறைவு. பெட்டிகளின் உட்பக்கத்துக்கு அந்தக் காலத்தில் சரியான காப்புப் பூச்சு கிடையாது. கண்ணாடிக்கு முன்னால் இருக்கும் காற்றுத் துவாரத்தின் வழியாக இலை விழுகிறது, மக்குகிறது, ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. முன் மட்கார்டின் பின்மூலை உள்ளிருந்து கறள் பிடிக்கிறது. பற்றரி அமிலம் கசிந்து தட்டைத் தின்று, அதற்கு நேர் கீழே ஓடும் பெட்டியையும் தின்கிறது. ரயர் வீசும் உப்புச்சேறு கதவுக்குப் பின்னால் உள்ள மூலையில் போய் அடைகிறது. வெளியேற வழியே இல்லை. கறள் எல்லாம் உள்ளிருந்து வெளியே வருவதுதான் இந்த வண்டியின் துயரம். வெளியே அரிசியளவு கொப்புளம் தெரிந்தால் உள்ளே உள்ளங்கை அகலத்துக்குத் தகடு போயிருக்கும்.

எங்கள் வீட்டுக் கராஜ் ஒரு கார் நிற்கும் அளவுதான். கதவுகள், பொனெட், மட்கார்டுகள் எல்லாம் கழற்றி நிலவறைக்குப் போயின. ஒவ்வொரு திருகாணியும் எங்கிருந்து வந்தது என்று எழுதிய பைகளில் போட்டு அடுக்கினேன். என் மகள் தன் அழகான கையெழுத்தில் பெயர் எழுதித் தந்தாள். தரைக் கம்பளத்தையும் அதன் அடியில் ஒட்டியிருந்த தார்த் தகட்டையும் உரித்தபோதுதான் முன்னாள் உரிமையாளர்களில் ஒருவர் செய்திருந்த வேலை தெரிந்தது. ஓட்டையான தளத்தின் மீது விளம்பரப் பலகை ஒன்றின் தகட்டை வெட்டிப் போட்டு, ரிவெட் அடித்து, மேலே கறுப்புத் தாரைத் தடவி மூடியிருந்தார்கள். தகட்டின் பின்பக்கத்தில் பாதி எழுத்துகள் இன்னும் வாசிக்கக்கூடியதாக இருந்தன. ஓட்டுநர் இருக்கையின் முன்கால் நின்றது அதன்மேல்தான். இதில் மனிதர்கள் நெடுஞ்சாலையில் போயிருக்கிறார்கள்.

தளத்தை வெட்டி எடுக்க முன்பு செய்யவேண்டிய ஒரு வேலை இருக்கிறது. இதை எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் போதாது. கதவு இடைவெளிகளுக்குக் குறுக்கே சதுரக் குழாய்களை வைத்து வெல்டிங் செய்து இறுக்குங்கள். இல்லையென்றால் தளத்தை எடுத்த கையோடு நடுப்பகுதி கீழே தொய்ந்துவிடும். புதிய தளத்தை வெல்டிங் செய்து முடித்த பிறகு கதவு பூட்டாது. அதைத் திருத்த வழியே கிடையாது. வெட்டுமுன் மூலைக்கு மூலை அளந்து, அளவுகளைச் சுவரில் எழுதி வைத்தேன். ஒவ்வொரு துண்டை ஒட்டிய பிறகும் மறுபடி அளந்தேன்.

எனக்குத் தகட்டு வெல்டிங் கற்றுத் தந்தவர் பக்கத்து வீட்டுக்காரர். போர்த்துக்கலிலிருந்து இளவயதில் வந்து, வாழ்நாள் முழுவதும் காற்றோட்டக் குழாய்களுக்குத் தகடு மடித்து ஓய்வுபெற்றவர். முதலில் வேலிக்கு அப்பால் நின்று பார்த்தார். ஒருநாள் தன் சொந்தக் கையுறையைப் போட்டுக்கொண்டு உள்ளே வந்துவிட்டார். மெல்லிய தகட்டில் கோடு இழுப்பதுபோல வெல்டிங் செய்யக்கூடாது என்பது அவருடைய முதல் பாடம். ஒரு பொட்டு வைக்கவேண்டும். கையை எடுத்துவிட்டு அரை முழம் தள்ளிப்போய் அடுத்த பொட்டு வைக்கவேண்டும். பொட்டுகளுக்கு நடுவில் மெல்ல மெல்ல இட்டு நிரப்பவேண்டும். "தகடு சூட்டை மறக்க நேரம் கொடு" என்பார். பின்னால் ஒரு செப்புக் கட்டையை அழுத்திப் பிடித்துக்கொண்டால் அது சூட்டை வாங்கிக்கொள்ளும், ஓட்டையும் விழாது. 0.6 மில்லிமீற்றர் கம்பி. 75 பங்கு ஆர்கன், 25 பங்கு கரியமில வாயு கலந்த சிலிண்டர். இவை இருந்தால் சாதாரண மிக் வெல்டிங் இயந்திரமே இந்த வேலைக்குப் போதும்.

தளமும் அதன் கீழே ஓடும் இரண்டு நீளப் பெட்டிகளும் புதிதாகச் செய்து விற்கிறார்கள், அவற்றை வாங்கினேன். கதவுக்குப் பின்னாலுள்ள அந்த மூலைத் துண்டும் விற்பனைக்கு உண்டு. ஆனால் அதைப் பொருத்த, நன்றாக இருக்கும் பழைய தகட்டையும் சேர்த்து வெட்டி எறியவேண்டியிருந்தது. எனக்கு மனம் வரவில்லை. கறள் போன பகுதியை மட்டும் வெட்டினேன். அட்டையில் அச்செடுத்து, தகட்டை வெட்டி, மணல் பையின்மேல் வைத்து மரச் சுத்தியலால் தட்டித் தட்டி வளைத்தேன். மூன்று பக்கமாக வளையும் துண்டு அது. சில்லு வளைவின் உதடு ஒருபக்கம் திரும்புகிறது, கதவின் கீழ்க்கோடு இன்னொரு பக்கம் இறங்குகிறது, நடுவே லேசான வீக்கம். தட்டும்போது விளிம்பு நீண்டுகொண்டே போகும். அதைத் திரும்பச் சுருக்கவேண்டும். விரல் நுனியால் தடவினால்தான் மேடு பள்ளம் தெரியும். கண் இந்த வேலைக்கு உதவாது. பக்கத்து வீட்டுக்காரர் கண்ணை மூடிக்கொண்டு அதன்மேல் உள்ளங்கையை ஓட்டிப் பார்த்துவிட்டு, ஒரு இடத்தில் பென்சிலால் வட்டம் போட்டுக் கொடுப்பார். அந்த வட்டத்துக்குள் தட்டுவேன்.

பழையதை எடுத்துவிட்டுப் புதியதை வைப்பதில் எனக்கு உடன்பாடு குறைவு. கழற்றிய பொருள் திருத்தக்கூடியதா என்று முதலில் பார்க்கவேண்டும். இந்தக் காரில் எட்டு சிலிண்டர் அமெரிக்க எஞ்சினைப் பொருத்துகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களின் கைத்திறமையை மதிக்கிறேன். ஆனால் அப்படிச் செய்த பிறகு அது 240 இசட் அல்ல, 240 இசட்டின் உருவம் மட்டும்தான். இந்த எஞ்சினும் இந்தத் தகடும் ஒன்றுக்கொன்று அளந்து செய்யப்பட்டவை. அந்த எடைப் பொருத்தத்தில்தான் இந்தக் காரின் குணம் இருக்கிறது.

இனி, பின்சில்லுச் சஸ்பென்ஷன். இந்தக் காரைப் பிரித்தவர்கள் எல்லோரும் பெருமூச்சு விடும் இடம். பின்பக்கக் கீழ்க்கையையும் சில்லைத் தாங்கும் வார்ப்பையும் இணைக்க ஒரு நீளமான உருக்கு முளை இருக்கிறது. ஸ்பிண்டில் பின் என்பார்கள். இரண்டு பக்கமும் ரப்பர் புஷ். நடுவில் வார்ப்பின் துளைக்குள் இறுக்கமாக உட்கார்ந்திருக்கும். அது சுழலாமல் இருக்கக் குறுக்கே ஒரு சின்னப் பூட்டு ஆணி. பழைய சைக்கிளின் மிதிதண்டுக்கு அடிக்கும் கொட்டர் பின் போலவே ஒருபக்கம் சரிவாகச் செதுக்கியது. ரப்பரை மாற்றவேண்டும் என்றால் இந்த முளை வெளியே வந்தாக வேண்டும். ஐம்பது வருட உப்பில் இரும்புக்குள் இரும்பு கறள் பிடித்து ஒன்றாகிவிட்டிருக்கும்.

சுத்தியலால் அடிக்கக்கூடாது. அடித்தால் முளையின் நுனி காளான்போல விரிந்து, துளைக்குள் இன்னும் மோசமாக இறுகிவிடும். இழுத்துத்தான் எடுக்கவேண்டும். கனமான சுவருள்ள ஒரு குழாய்த் துண்டு, தடித்த வட்டத் தகடு, உறுதியான உருக்கில் செய்த நீள நட்டு, அதற்கேற்ற திருகுதண்டு. நட்டின் ஒரு பாதியை முளையின் புரியிலும் மறுபாதியைத் திருகுதண்டிலும் ஏற்றி, குழாயை வார்ப்பின்மேல் நிற்கவைத்து இறுக்கினால், முளை குழாய்க்குள் ஏறி வரவேண்டும். இந்தக் கருவியை நானே கடைந்து செய்தேன். முதலில் பூட்டு ஆணியைக் கழற்றினேன். கியர் எண்ணெயும் அசிற்றோனும் கலந்து, வார்ப்பின் இரண்டு பக்கமும் ஊற்றி ஊறவைத்தேன். ஒவ்வொரு மாலையும் மறுபடி ஊற்றினேன். பிறகு அந்த எண்ணெயை முழுவதும் துடைத்துவிட்டு, தீயணைப்பானைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, வார்ப்பைச் சுற்றிலும் சூடாக்கி இறுக்கத் தொடங்கினேன். ஸ்பானரில் குழாயைச் சொருகி நீட்டித் தொங்கினேன். ஒன்றும் நடக்கவில்லை. இன்னும் கொஞ்சம் சூடு, இன்னும் கால் திருப்பு. துப்பாக்கி வெடித்ததுபோல ஒரு சத்தம். ஏதோ உடைந்துவிட்டது என்று மனைவி ஓடி வந்தார். முளைதான் அசைந்தது. அதன்பிறகு ஒவ்வொரு திருப்புக்கும் கிறீச்சிட்டுக்கொண்டு, செங்கறள் பொடியை உதிர்த்தபடி வெளியே வந்தது. மற்றப் பக்கம் இதைவிட இலகுவாக வந்தது. அந்த முளைகளின் நடுப்பகுதி இன்னும் பளபளவென்றிருந்தது. 1972இல் கடைந்த கோடுகள் தெரிந்தன.

சின்ன விஷயம்போலத் தெரியும் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஜப்பானியக் காரின் கூட்டல் குறித் திருகாணிகளுக்குச் சாதாரண பிலிப்ஸ் திருப்புளியைப் போடாதீர்கள். ஜப்பானியத் தரமான ஜேஐஎஸ் வடிவம் வேறு. பார்க்க ஒன்றுபோல் இருக்கும். பிலிப்ஸ் முனை முழுமையாக உட்காராமல் நழுவி, தலையைத் தின்றுவிடும். இந்தக் காரில் நான் பார்த்த சிதைந்த திருகாணிகள் பெரும்பாலும் அப்படிச் சிதைந்தவைதான். ஜேஐஎஸ் திருப்புளி ஒரு தொகுதி வாங்குவது பெரிய செலவில்லை.

எஞ்சினைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. எஞ்சினின் தலையை (சிலிண்டர் ஹெட்) கழற்றுமுன் டைமிங் செயினுக்கு நடுவில் ஒரு மர ஆப்பை இறக்கி வைக்கவேண்டும். இல்லையென்றால் செயினை இறுக்கும் உறுப்பு வெளியே தள்ளிக்கொண்டு வந்துவிடும், பிறகு முன்மூடியைக் கழற்றாமல் அதைத் திரும்ப வைக்க முடியாது. வால்வு இடைவெளி குளிர்ந்த நிலையில் உள்வாங்கும் பக்கம் 0.20, வெளியேற்றும் பக்கம் 0.25 மில்லிமீற்றர். தீப்பொறி வரிசை 1-5-3-6-2-4. சிலிண்டர்கள் நல்ல நிலையில் இருந்தன.

பெற்றோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்குக் கொடுக்கும் கார்புரேட்டர்களுக்கு வருகிறேன். இங்கே நான் கொஞ்சம் நின்றுதான் போவேன்.

என் சித்தப்பாவுக்குச் சுன்னாகத்தில் ஒரு சிறிய கராஜ் இருந்தது. 1990களில் யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் வருவது தடைப்பட்டிருந்த காலம். கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் ஆவியாகாது. ஆகவே சின்னப் போத்தலில் பொத்திப் பொத்தி வைத்திருக்கும் பெற்றோலில் சில சொட்டைக் கார்புரேட்டரின் வாயில் விட்டு ஸ்டார்ட் செய்து, எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். உதிரிப்பாகம் என்ற பேச்சுக்கே இடமில்லை. மொரிஸ் மைனர் வண்டிகள் கராஜுக்கு வரும்போதெல்லாம் அதன் எஸ்யூ என்ற பிரிட்டிஷ் வகைக் கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவுவது என் வேலை. மேலே அலுமினியத்தில் செய்த மணிபோன்ற மூடி, உள்ளே வழுவழுப்பான பிஸ்டன், அதன் நுனியில் தொங்கும் மெல்லிய ஊசி. "தம்பி, பிஸ்டனை மேலே தூக்கிக் கையை விடு, சத்தத்தைக் கேள்" என்பார் சித்தப்பா. தங்குதடையின்றி இறங்கி அடியில் "டக்" என்று உட்கார்ந்தால் சரி. அந்தச் சத்தம் மங்கினால் எங்கோ உரசுகிறது.

240 இசட்டில் இருக்கும் இரண்டு கார்புரேட்டர்களும் ஹிட்டாச்சி நிறுவனம் அதே எஸ்யூ அமைப்பில் செய்தவை. கொட்டகையில் முதன்முதலாகப் பொனெட்டைத் தூக்கியபோது, எஞ்சினின் பக்கவாட்டில் அந்த இரண்டு மணிகளும் அக்கம்பக்கமாக நின்றதைப் பார்த்து எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. 1973ஆம் ஆண்டு வண்டிகளுக்குப் புகைக் கட்டுப்பாட்டுக்காகத் தட்டையான மூடியுள்ள வேறு வகை வந்தது. பலர் அதைக் கழற்றிவிட்டு இந்தப் பழைய உருண்டை மூடி வகைக்கே மாறினார்கள்.

ஒன்றைக் கழற்றினால் அதன் மூடியையும் பிஸ்டனையும் மற்றதோடு கலந்துவிடக்கூடாது. அவை சோடியாகப் பொருத்திக் கடைந்தவை. உப்புத்தாள் போட்டுத் தேய்க்கவும் கூடாது. கழுவினேன், ஊசிகள் நேராக இருக்கின்றனவா என்று கண்ணாடியின்மேல் உருட்டிப் பார்த்தேன், மிதவை மட்டத்தைச் சரிசெய்தேன், மேலே உள்ள குழாயில் மெல்லிய எண்ணெய் விட்டேன். அடியில் உள்ள கலவைத் திருகை முழுவதும் மேலே ஏற்றி, அங்கிருந்து இரண்டரைச் சுற்று இறக்கினால் அது தொடங்கும் இடம். எஞ்சின் சூடானதும் இரண்டும் ஒரே அளவு காற்றை இழுக்கின்றனவா என்று அளந்து சமப்படுத்தவேண்டும். பிறகு ஒரு பிஸ்டனை மயிரிழை தூக்கிப் பார்க்கவேண்டும். எஞ்சினின் வேகம் ஏறி அப்படியே நின்றால் பெற்றோல் கூடிவிட்டது. எஞ்சின் தடுமாறினால் பெற்றோல் போதவில்லை. ஒரு கணம் லேசாக ஏறி உடனே பழைய நிலைக்கு வந்தால் அதுதான் சரி. முதல்முறை ஓடியபோது தொலைபேசியில் சித்தப்பாவுக்குச் சத்தத்தைக் கேட்கவைத்தேன். அவர் யாழ்ப்பாணத்தில், எண்பது தாண்டியவர். கொஞ்சநேரம் கேட்டுவிட்டு, "பின்னால் இருப்பதை இன்னும் கொஞ்சம் இறுக்கு" என்றார். அளவுமானியை எடுத்துப் பார்த்தேன். பின்னால் இருப்பதில்தான் வேறுபாடு இருந்தது.

பழையதை அப்படியே வைத்திருக்கவேண்டும் என்ற என் கொள்கைக்கு மின்சாரத்தில் மட்டும் விலக்குக் கொடுத்தேன். முன்விளக்குகளுக்குப் போகும் முழு மின்னோட்டமும் ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் இருக்கும் சுவிட்ச் வழியாகவே போகிறது. சுவிட்ச் தேய்கிறது, ஃபியூஸ் பெட்டியின் பிளாஸ்டிக் சூட்டில் இளகுகிறது. என் பெட்டியிலும் ஒரு மூலை உருகித்தான் இருந்தது. சிறு மின்னோட்டத்தால் பெரிய மின்னோட்டத்தைத் திறந்து மூடும் ரிலே போட்ட தனி வயர்க் கொத்து ஒன்றைச் செருகினேன். பழைய வயர் ஒன்றையும் வெட்டவில்லை. பின்னால் வருகிறவர் விரும்பினால் கழற்றிவிட்டுப் பழையபடி பொருத்தலாம்.

வர்ணத்தை வீட்டில் அடிக்கவில்லை. இன்றைய இரட்டைக் கலவை வர்ணங்களில் ஐசோசயனேட் இருக்கிறது. அது நுரையீரலைக் கெடுக்கும்; சாதாரண முகமூடி அதைத் தடுக்காது. படுக்கையறைக்கு அடியில் இருக்கும் கராஜில் அதைத் தெளிப்பதற்கு யாரும் துணியக்கூடாது. புட்டி, தேய்ப்பு, அடிப்பூச்சுக்கு முந்திய எல்லா வேலையையும் நான் செய்து, காற்றுப்போக்கு உள்ள பட்டறைக்குக் கொடுத்தேன். 918 செம்மஞ்சளில் திரும்பி வந்தது. பெட்டிகளின் உள்ளே எல்லாம் மெழுகுக் காப்பை நீளக் குழாய் விட்டு அடித்திருக்கிறேன். தண்ணீர் வடியும் துளைகளை ஒவ்வொரு வசந்தத்திலும் கம்பியால் குத்திப் பார்ப்பேன்.

ஓட்டத் தொடங்கியதும் வந்த பிரச்சினை புகை நாற்றம். இந்தக் காரின் பின்பக்க வடிவத்தால் ஓடும்போது அங்கே காற்றழுத்தம் குறைந்து, வெளியேறும் புகையே திரும்ப உள்ளே இழுபடுகிறது. சின்ன இடைவெளி போதும். இரவில் மகளைப் பின்பக்கத்தில் படுக்கவைத்து, வெளியே நின்று கைவிளக்கை விளிம்பெல்லாம் ஓட்டினேன். "அப்பா, இங்கே வெளிச்சம் வருகிறது" என்று அவள் சொன்ன இடங்களைச் சுண்ணக்கட்டியால் குறித்தேன். பின்விளக்கு ரப்பர்கள், வயர் போகும் துளை, பின்கதவு ரப்பரின் ஒரு மூலை. அவற்றை மாற்றிய பிறகு நாற்றம் இல்லை. மூன்றாவது கியரில் 4,000 சுற்றுக்கு மேலே எழும் அந்த உறிஞ்சும் ஒலி இப்போது நன்றாகக் கேட்கிறது. இரண்டு கார்புரேட்டர்களும் சேர்ந்து மூச்சை இழுக்கும் ஒலி அது.

டாஷ்போர்டு இன்னும் பாக்கி. வெயிலில் உள்ளிருக்கும் நுரை வீங்கி, மேலே நீளமாக மூன்று வெடிப்பு. பிளாஸ்டிக் மூடியைப் போட்டு மறைக்க விருப்பமில்லை. வெடிப்பை வெட்டித் திறந்து, நுரையைத் தாழ்த்தி, நெகிழும் பசையால் நிரப்பிப் பார்க்கப்போகிறேன். பின் டிரம் பிரேக்கும் ஒருமுறை பார்க்கவேண்டும். குளிர்காலத்தில் வண்டி வெளியே வராது. முதல் உப்பு விழுமுன் கராஜுக்குள் போய்விடும், மழை வந்து சாலையைக் கழுவிய பிறகுதான் வெளியே எடுப்பேன்.

அந்த முளை இழுக்கும் கருவி என்னிடம் இருக்கிறது. ரொறன்ரோ, அஜாக்ஸ் பக்கத்தில் யாராவது 240 இசட்டின் பின்பக்கத்தைப் பிரித்துவைத்துக்கொண்டு நின்றால் வந்து எடுத்துப் போகலாம். திருப்பித் தரும்போது புரியைத் துடைத்துக் கிறீஸ் பூசித் தாருங்கள்.